நடுத்தர ஆட்டக்காரர் நல்ல கோல்ஃப் திடலை ஆடும் முறை

வன்னியிலிருந்து கோல்ஃப் ஆட விரும்புவோர் திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் திடலுக்கோ, கண்டிக்கு அப்பால் திகனையில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த விக்டோரியா திடலுக்கோ செல்வதுண்டு. அவ்வளவு தூரம் பயணம் செய்து, பந்துகளை நீரிலும் புதரிலும் தொலைத்துச் சலிப்புடன் திரும்புவோர் பலர், தம் கைவலிமை போதாது என்று நினைக்கிறார்கள். திடலை அமைத்தவர் எங்கே அடிக்கச் சொல்கிறார் என்று பார்க்கப் பழகினாலே அந்தச் சலிப்பில் பாதி குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல திடலில் பெரும்பாலான குழிகளுக்கு இரண்டு வழிகள் இருக்கும்: நீரையோ மணற்குழியையோ தாண்டிச் செல்லும் குறுகிய வழி ஒன்று, சுற்றிச் செல்லும் அகன்ற வழி மற்றொன்று. அமெரிக்க ஆட்டக்காரர் பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து அந்நாட்டின் அகஸ்டா திடலை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி, வலிமை குறைந்தவரும் ஓர் அடி கூடுதலாகச் செலவிட்டுக் குழியை அடைய வழி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். நமக்காக விடப்பட்ட அந்த வழியைத் தேடி எடுப்பதில் இழிவு எதுவும் இல்லை.

முதலில் டீயை, அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடத்தை, சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் வழக்கமாக அடிக்கும் தூரத்தை 36ஆல் பெருக்கினால் உங்களுக்கேற்ற திடல் நீளம் கிடைக்கும்; 140 யார் அடிப்பவருக்கு அது ஏறத்தாழ 5,000 யார். என்றோ வாய்த்த மிகச் சிறந்த அடியைக் கணக்கிற் கொள்ளக் கூடாது. முன் டீயில் ஆடத் தயங்குவோர், அமைப்பாளர் எதிர்பார்த்த இடத்தில் பந்து விழுந்தால்தான் அவர் வைத்த மேடுகளும் மணற்குழிகளும் அர்த்தமுள்ள சோதனையாக அமையும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப வழங்கப்படும் சலுகை அடிகள்) 18 அளவில் உள்ளவருக்குப் பொதுவாகக் குழிக்கு ஓர் அடி கூடுதலாகக் கிடைப்பதால், பார் 4 குழியை (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியதை) 5 என்றே மனத்தில் வைத்துக்கொண்டு, கொடி நாட்டிய குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கொடி எந்தப் பக்கம் உள்ளது, எந்தப் பக்கம் தவறினால் அடுத்த அடி எளிதாக இருக்கும், அதற்குப் பந்து எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்த பின்பே மட்டையை எடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் நோர்த் பெரிக் திடலிலுள்ள 15ஆம் குழி இதற்கு நல்ல பாடம். ரெடான் எனப்படும் அந்தப் பார் 3 குழியின் கிரீன், வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கம் நோக்கிச் சரிகிறது. இடது முன்பக்கத்தை ஆழமான மணற்குழி காக்கிறது. கொடியை நேரே குறிவைப்பவர் மணலுக்குள் விழ, வலது முன்பக்கத்தைக் குறிவைப்பவரின் பந்தைச் சரிவே உள்ளே உருட்டிச் செல்லும். உலகின் பல திடல்களில் இதைப் பின்பற்றிய குழிகள் இருப்பதால், சரிவைப் பார்க்கும் பழக்கம் எங்கும் பயன்படும்.

கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் சீனன்குடாவில் ஆடுவோர் இந்த உருட்டலைக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். இறுகிய தரையில் கிரீனுக்கு முன்னரே பந்தை இறக்குவது நல்லது.

நீர் போன்ற தண்டனைப் பகுதியைக் குறிக்கும் சிவப்புக் கம்பங்களுக்குள் பந்து போய்விட்டால், எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே செல்லாமல், ஒரு தண்டனை அடியுடன் பந்தை இட்டு ஆடலாம். அங்கிருந்து இழந்த அடியை மீட்க முயலாமல், குறுகிய மட்டையால் பந்தை ஃபெயர்வே எனும் வெட்டிய புல்வழியின் நடுவுக்குக் கொண்டுவருங்கள்.