முதல் மலைச் சைக்கிள் விடுமுறை: பாதையிலிருந்து தொடங்குங்கள்

மவுண்டன் பைக்கிங் விடுமுறை என்ற ஆசை வந்ததுமே பலரும் சைக்கிள் விலையைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் லீவு, அப்புறம் கிடைத்த அறை. பாதை எப்படியிருக்கிறது என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் பாதை, அதை ஒட்டி அறை, கடைசியில் அந்தப் பாதைக்கு ஏற்ற சைக்கிள். (பைக் என்றால் நமக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும், அதனால் இனி சைக்கிள் என்றே எழுதுகிறேன்.)

படி 1: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

மலைச் சைக்கிள் பாதைகளை நிறம் வைத்துத் தரம் பிரிப்பார்கள், ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். நடுவில் சிவப்பு பொதுவாகக் கிடையாது, அதனால் அங்கே நீலம் என்று போட்டிருந்தால் சுலபமாகவும் இருக்கலாம், கொஞ்சம் மிரட்டவும் செய்யலாம். ஜெர்மன் பேசும் ஆல்ப்ஸ் பகுதிகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை எண். முதல்முறை போகிறவர்களுக்குப் பச்சை, பழகியதும் நீலம், எண்ணில் சொன்னால் எஸ்0, எஸ்1. எஸ்2-வில் பெரிய வேர்களும் கற்களும் படிகளும் வர ஆரம்பித்துவிடும், அதை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தோடு தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். தார் ரோட்டில் 15 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை, காட்டுப் பாதையில் அதே 15 கிலோமீட்டரும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் ஓய்வெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குவது நல்லது. ஒரே ஒரு பச்சைப் பாதையும் மீதியெல்லாம் கறுப்புமாக இருக்கிற இடம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். சுலபமான பாதைகள் மூன்று நான்காவது இருக்கவேண்டும், சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே முடியவேண்டும், களைத்துப்போனால் பாதியில் குறுக்கே திரும்ப ஒரு வழி இருக்கவேண்டும். டிரெயில்ஃபோர்க்ஸ் போன்ற செயலிகளில் இதையெல்லாம் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

படி 2: அறை

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் முதல் பயணத்தில் எடுத்த அறை மூன்றாவது மாடியில். சைக்கிளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். வாசல் கம்பியில் பூட்டிவிட்டு ராத்திரி முழுக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மறுநாள் ஏற்றத்தில் கால் எழவே இல்லை.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். ‘சைக்கிள் வைக்கலாமா’ என்று கேட்டால் எல்லோரும் வைக்கலாம் என்றுதான் சொல்வார்கள், அது பதிலே இல்லை. ராத்திரியில் சைக்கிள் எங்கே நிற்கும், அந்த இடத்துக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். சேற்றோடு வந்தால் கழுவக் குழாயும் ஹோஸும் இருக்கிறதா? நனைந்த துணியையும் ஷூவையும் எங்கே காயவைப்பது? (ஈர ஷூவை மறுநாள் காலையில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.) காலை உணவு எத்தனை மணிக்கு, பாதை தொடங்கும் இடத்துக்குச் சைக்கிளிலேயே போய்விட முடியுமா, நடுவில் பெரிய சாலையைக் கடக்கவேண்டுமா, இவற்றையும் கேட்டுவிடுங்கள். பூட்டிய அறையும் தண்ணீர்க் குழாயும் இருந்து மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் எடுக்கலாம். பூட்டு இல்லை என்றால் நீச்சல் குளமே இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

சில நாடுகளில் இதற்கென்றே அடையாளச் சின்னம் உண்டு. ஜெர்மனியில் சைக்கிள் ஓட்டுநர் சங்கமான ஏடிஎஃப்சி ‘பெட் பிளஸ் பைக்’ என்ற பெயரிலும், பிரான்ஸில் ‘அக்கேய் வெலோ’ என்ற பெயரிலும் விடுதிகளுக்கு அங்கீகாரம் தருகிறார்கள். சைக்கிளில் வரும் எல்லோருக்குமான திட்டங்கள் இவை, மலைப் பாதைக்கு மட்டுமானவை அல்ல, அதனால் சேறு கழுவும் இடம் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: சைக்கிளை வாடகைக்கு எடுங்கள்

முதல் விடுமுறைக்குச் சொந்தச் சைக்கிள் தேவையே இல்லை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், சாதாரணத் தட்டைப் பெடல், இது போதும். உங்கள் உயரத்தைச் சொல்லி அளவு கேளுங்கள்.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பிரிட்டனில் வலது கை முன்பிரேக், அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இடது கை. பழக்கதோஷத்தில் இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திவிட்டால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழவேண்டியதுதான். சமதரையில் பத்து நிமிடம் பிரேக் பிடித்துப் பழகுங்கள், ஒரு விரல் போதும்.

பேட்டரி சைக்கிள் வேண்டுமானால் அதையும் போகிற இடத்திலேயே எடுங்கள். 160 வாட்-ஹவரை (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு) விடப் பெரிய லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது, இந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

படி 4: நாட்களைப் பிரியுங்கள்

நான்கு நாள் என்றால் மூன்று நாள்தான் ஓட்டவேண்டும். முதல் நாள் பச்சையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். முடிந்தால் அன்றைக்கே ஒரு பயிற்சியாளரோடு அரை நாள் போட்டுக்கொள்ளுங்கள், பெடலைச் சமமாக வைத்து நிற்பது, குதிகாலை இறக்குவது, சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பார்ப்பது, இதையெல்லாம் அவர் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடுவார், நாமாகக் கற்றால் மாதக்கணக்கில் ஆகும். இரண்டாம் நாள் நீளமான பச்சை அல்லது சுலபமான நீலம். மூன்றாம் நாள் ஓய்வு. பெரும்பாலும் தொடையை விட உள்ளங்கையும் முன்கையும்தான் அதிகம் வலிக்கும், இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது அது, ஒரு நாள் விட்டால் சரியாகிவிடும்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் மவுண்டன் பைக்கிங் என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

படி 5: பையில் என்ன

ஹெல்மெட், விரல் மூடும் கையுறை, பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் (உள்ளாடை போடாமல் அணியவேண்டும், இல்லையென்றால் உரசிப் புண்ணாகும்), தண்ணீர், தின்பதற்கு ஏதாவது. கூடவே சக்கர அளவுக்கேற்ற டியூப், டயர் லீவர், சின்னப் பம்ப், மல்டிடூல், முதலுதவிப் பொருட்கள். வரைபடத்தை அறையிலேயே போனில் இறக்கிவிடுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 6: திரும்பி வந்ததும்

குளிப்பதற்கு முன் சைக்கிளைக் கழுவுங்கள், காய்ந்த சேறு இரண்டு மடங்கு வேலை வாங்கும். தண்ணீரை வேகமாகச் சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்து, பூட்டிய அறையில் வைத்துவிட்டுச் சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.