ஓட்டல், டூரிஸம் மாணவர்களுக்கு வியூகப் பாடம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஓட்டல் மேனேஜ்மென்ட், டூரிஸம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசி ஆண்டில் ‘ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு பேப்பர் வந்து நிற்கும். அதுவரை வெங்காயம் நறுக்கி, படுக்கை விரித்து, ரிசப்ஷனில் செக்-இன் போட்டுப் பழகியவர்கள். திடீரென்று ‘நீதான் நிர்வாக இயக்குநர், யோசி’ என்றால் முழிக்கத்தான் செய்வார்கள். ‘இவங்களுக்கு தியரி ஏறாது சார்’ என்று ஸ்டாஃப் ரூமில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு பாடம் எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. இந்தப் பேப்பரைப் புதிதாக எடுக்க வரும் ஆசிரியர்களுக்காகச் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த நான்கு கட்டம். ஸ்வாட் என்றதும் பலகையில் ஒரு கூட்டல் குறி போட்டு நிரப்பச் சொல்கிறோம். பலம்: நல்ல சேவை. பலவீனம்: விளம்பரம் போதாது. வாய்ப்பு: சுற்றுலா வளர்கிறது. அச்சுறுத்தல்: போட்டி. இந்தப் பதிலை தாஜ் ஓட்டலுக்கும் எழுதலாம், தண்டையார்பேட்டை மெஸ்ஸுக்கும் எழுதலாம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் நாளைக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை எகிறும். கடல் உணவு ஓட்டல் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் இதை ‘அச்சுறுத்தல்’ கட்டத்தில் போடுகிறார்கள். தேதி குறித்து வருவது எப்படி அச்சுறுத்தலாகும்? அது காலண்டர். அந்த இரண்டு மாதம் எந்த மீன் வாங்குவது, மெனுவை எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் அன்றாட நிர்வாகம். மெனு முழுவதும் கடல் மீனையே நம்பி ஒரு கடை திறப்பதா, அல்லது முதலிலிருந்தே கோழி, ஆட்டுக்கறி, ஏரி மீன் என்று பரப்பிக்கொண்டு ‘மீனுக்கென்றே வரும் கடை’ என்ற பெயரை விட்டுக்கொடுப்பதா? இதுதான் வியூகம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட வேண்டிவரும் என்ற இடத்துக்கு மாணவனைக் கொண்டுபோகாமல் எத்தனை கட்டம் போட்டாலும் பாடம் தொடங்கவே இல்லை.

இரண்டாவது தவறு, தொழிற்சாலை உதாரணங்களை அப்படியே இறக்குவது. பாடப்புத்தகங்களில் பாதி கார், சோப்பு, செல்போன். சோப்பு இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். லாட்ஜில் இன்று காலியாகக் கிடந்த அறையின் இன்றைய வாடகை போனது போனதுதான். அமெரிக்க விமான நிறுவனங்கள் இதை வைத்துத்தான் 1980களில் ஒரே விமானத்து இருக்கைகளை வெவ்வேறு விலையில் விற்கும் கணக்கைப் பெரிதாக வளர்த்தன. ஓட்டல்களும் அதைப் பிடித்துக்கொண்டன. நம் பாடத்திலோ இது ‘சேவையின் இயல்புகள்’ என்ற தலைப்பில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறது. ஒரு வகுப்பு முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

நான் கொடுக்கும் கணக்கு இது. வால்டாக்ஸ் சாலையில் 40 அறை கொண்ட ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரலில் இறங்குபவர்களும், சௌகார்பேட்டைக்குச் சரக்கெடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளும்தான் வாடிக்கை. அறை 1,500 ரூபாய், தினம் 24 அறை போகிறது, வசூல் 36,000. மேனேஜர் வாடகையை 1,200 ஆக்கி, ஒரு புக்கிங் ஆப்பிலும் சேர்கிறார். இப்போது 32 அறை போகிறது, வசூல் 38,400. வகுப்பில் கேட்டால் எல்லோரும் ‘மேனேஜர் கெட்டிக்காரர்’ என்பார்கள். அறைகள் நிரம்பியிருப்பது 60 சதவீதத்திலிருந்து 80 ஆகிவிட்டதே!

சரி, செலவைக் கழிப்போம். ஆள் தங்கிய ஒவ்வோர் அறைக்கும் சலவை, சோப்பு, கரண்ட், துடைக்கும் கூலி என்று 150 ரூபாய் போகிறது. பழைய ஏற்பாட்டில் 3,600 போக மீதி 32,400. புதியதில் 4,800 போக 33,600. இன்னும் மேனேஜர்தான் முன்னால் நிற்கிறார். இந்த இடத்தில் நிறுத்தி, ‘32 அறையில் 16 ஆப் வழியாக வருகிறது, கமிஷன் 20 சதவீதம்’ என்று சொல்லுங்கள். 3,840 ரூபாய் அங்கே போய்விட, கையில் நிற்பது 29,760. அதிக அறை துடைத்து, அதிகத் துணி துவைத்து, தினம் 2,640 ரூபாய் குறைவு. வகுப்பு நிமிர்ந்து உட்காருவது இப்போதுதான். பின்பெஞ்சிலிருந்து ‘ஆப்ல வந்த ஆளு அடுத்த தடவை நேரா வந்தா?’ என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு கணக்கும். கமிஷனை இழப்பாகப் பார்ப்பதா, புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவாகப் பார்ப்பதா என்று பேச ஆரம்பித்துவிட்டால் நீங்கள் சும்மா இருந்தாலே போதும்.

மூன்றாவது, ஓட்டல் என்றால் ஒரே முதலாளி என்ற நினைப்பைத் திருத்தாமல் விடுவது. பயிற்சிக்கு ஸ்டார் ஓட்டலுக்குப் போய் வந்த பையனிடம் ‘அந்தக் கட்டடம் யாருடையது?’ என்று கேளுங்கள். வாசலில் இருக்கும் பெயரைத்தான் சொல்வான். கட்டடம் ஒருவருடையதாக இருக்கும், பெயர் இன்னொருவருடையது, நடத்துபவர் சில சமயம் மூன்றாமவர். மாரியட் 1993இல் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டது. நிலமும் கட்டடமும் ஹோஸ்ட் மாரியட்டுக்கு. நடத்தும் வேலையும் பெயரும் மாரியட் இன்டர்நேஷனலுக்கு. இது புரியாத மாணவனுக்கு, கட்டடம் கட்டாமலே ஒரு ஓட்டல் கம்பெனி எப்படி வருடாவருடம் நூற்றுக்கணக்கில் பெருகுகிறது என்பது கடைசிவரை மாயமாகவே இருக்கும். லாபி சோபாவை மாற்ற வேண்டும் என்று பிராண்ட்காரர் சொல்லும்போது உரிமையாளர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பதும் புரியாது. செலவு இவருடையது, பெயர் அவருடையது.

கேஸ் ஸ்டடி விஷயத்தில் ஒரு பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணம் கேட்பது. ‘ஆன்லைன் வந்தது, தாமஸ் குக் விழுந்தது’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். 2019 செப்டம்பர் 23 அன்று விழுந்தது சுற்றுலாப் பயணங்களை விற்றுவந்த பிரிட்டிஷ் நிறுவனம். 2007இல் மைட்ராவல் என்ற இன்னொரு பயண நிறுவனத்துடன் இணைந்தது, மலைபோல் ஏறிய கடன், 500க்கும் மேற்பட்ட கடைகளைத் தூக்கிச் சுமந்தது என்று பல கை சேர்ந்துதான் அதைத் தள்ளியது. இங்கே இருக்கும் தாமஸ் குக் இந்தியாவோ 2012லேயே கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால் அன்றும் கடை திறந்தே இருந்தது. பெயர் ஒன்று, கதை வேறு. 2007 வரைக்கும் உள்ள தகவலை மட்டும் கொடுத்து, ‘இணைக்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு ‘இணைக்கலாம்’ என்றுதான் சொல்லும். அன்றைக்கு அந்த இயக்குநர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசைகளையும் (போட்டியாளர்கள், புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருட்கள், வாங்குபவர்கள், சரக்குத் தருபவர்கள் என்று ஒரு தொழிலின் லாபத்தை அழுத்தும் ஐந்து) இப்படித்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 1979இல் அவர் இதை எழுதிய கட்டுரையின் அடிப்படை இன்றும் உறுதியானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘போட்டியாளர்கள் அதிகமானால் லாபம் குறையும்’ என்ற வரியை எழுதும் மாணவனை பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் ரோட்டுக்கு ஒரு சாயங்காலம் அனுப்புங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ங்கா என்ற நூடுல்ஸ் வகைகள் வரிசையாகத் தள்ளுவண்டிகளில் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கடை, கிட்டத்தட்ட ஒரே மெனு. புத்தகப்படி இவர்கள் ஒருவரையொருவர் தின்றிருக்க வேண்டும். ஆனால் அத்தோ சாப்பிட வேண்டும் என்று தோன்றியவன் அந்தத் தெருவுக்குத்தான் வருகிறான். கடையை வந்த பிறகு தேர்ந்தெடுக்கிறான். கூட்டத்தை இழுப்பது வரிசை; அதை ஆளுக்கொரு பங்காகப் பிரிப்பது போட்டி. இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து விசைகளைப் படித்தால், எந்த விசை எங்கே பொருந்தவில்லை என்று அவனே சொல்வான்.

மாணவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என்றாலே மாமல்லபுரம், இல்லையென்றால் கிண்டிப் பக்கத்து ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று பஸ் பிடிப்பதும் எனக்குப் புரியாத வழக்கம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது!

டூரிஸம் பிரிவில் இன்னொரு சிக்கல்: ஒரு சுற்றுலாத் தலத்தை ஒரு கம்பெனி மாதிரி நடத்திப் பாடம் எடுப்பது. ஊட்டிக்கு நிர்வாக இயக்குநர் யார்? ஓட்டல்காரர்கள் கூட்டம் வேண்டும் என்கிறார்கள். கூட்டம் தாங்கவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்ல, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. வளர்ச்சியே இலக்கு என்று நினைத்துக்கொண்டு எழுதும் பதில் அங்கே செல்லாது. நம் துறைமுகத்திலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டது. புதுச்சேரியும் பயணத் திட்டத்தில் இருந்தது. அங்கே எதிர்ப்பு கிளம்ப, கப்பலை நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. அரசியல் சூழல் என்ற தலைப்பில் ‘அரசின் நிலைத்தன்மை’ என்று எழுதுவதைவிட, இந்த ஒரு சம்பவத்தில் யார் யார் சம்மதம் தேவைப்பட்டது என்று பட்டியல் போடுவது மேல்.

தேர்வுத்தாள் மாறாமல் இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத் தாள் நம் கையில் இல்லை; கல்லூரிக்குள் நாமே வைக்கும் இன்டர்னல் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. ‘ஸ்வாட் விளக்குக’ என்பதற்குப் பதிலாக அந்த 40 அறைக் கணக்கைக் கொடுத்து, ‘உரிமையாளர் எதை நிறுத்த வேண்டும்? ஏன்?’ என்று கேட்கலாம். தமிழில் யோசித்துச் சொல்லட்டும், ஆங்கிலத்தில் பிறகு எழுதட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் யோசனைதான் அடிபடும்.

அப்புறம், டைம்டேபிள் போடுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் கைச்செலவுக்கும் வீட்டுக்கும் கல்யாண மண்டபங்களில் ஓ.டி.சி. (அவுட்டோர் கேட்டரிங்) வேலைக்குப் போகிறவர்கள். முகூர்த்த ஞாயிறு முடிந்து நள்ளிரவில் பாத்திரம் எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவனுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியடில் வியூகம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை வையுங்கள். அதே பையனிடம், அந்த மண்டபத்தில் எத்தனை இலை வீணானது, காண்ட்ராக்டர் எங்கே காசு பார்க்கிறார் என்று கேட்டால் விவரமாகச் சொல்வான்.