மருந்து எச்சரிக்கையைப் படித்ததும் நாம் செய்யும் தவறுகள்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அங்குள்ள மருத்துவர்களுக்கு ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றில், நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு என்றது கடிதம். செய்தி தீயாய்ப் பரவியது. பல பெண்கள் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டார்கள். அந்த 'இரண்டு மடங்கு' எவ்வளவு தெரியுமா? பழைய வகையில் சுமார் 7,000 பேரில் ஒருவர், புதிய வகையில் இருவர். கர்ப்பம் தரித்தாலே ரத்தம் உறையும் ஆபத்து இதைவிட அதிகம். அடுத்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள்.

எனவே, 'இத்தனை மடங்கு' என்று எங்கே பார்த்தாலும், எதிலிருந்து எதற்குக் கூடியது என்று தேடுங்கள். அந்தக் கணக்கு செய்தியில் இல்லையென்றால் மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அறிவிப்பையே படிப்பது மேல்.

மருந்தை நாமாகவே நிறுத்துவதைத்தான் நான் முதல் தவறு என்பேன். 2018-ல் ரத்த அழுத்தத்துக்கான வால்சார்டன் மாத்திரைகள் சிலவற்றில் என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பது தெரியவந்து, பல நாடுகள் அவற்றைத் திரும்பப் பெற்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. அப்போதும் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, மாற்று மருந்து கைக்கு வரும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றே சொன்னது. மாசின் கெடுதல் நாள்பட நாள்படச் சேர்வது. ரத்த அழுத்தமோ மருந்தை விட்ட சில நாட்களிலேயே எகிறிவிடலாம்.

அதோடு, எல்லா வால்சார்டனும் திரும்பப் பெறப்படவில்லை. குறிப்பிட்ட பேட்ச்கள், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிகள் மட்டும்தான். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மாத்திரை அட்டையின் ஓர் ஓரத்தில் பொறித்திருக்கும். நாம் அந்த ஓரத்திலிருந்தே கிழிக்க ஆரம்பித்துவிட்டு, அறிவிப்பு வந்த அன்று வெறும் அட்டையை வைத்துக்கொண்டு விழிப்போம். மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுங்கள், அவ்வளவுதான்.

"அங்கீகாரம் கொடுத்த மருந்துதானே, இப்போது ஏன் எச்சரிக்கை?" என்று கோபப்படுவதும் உண்டு. அங்கீகாரத்துக்கு முந்தைய சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை ஒருவரிடமாவது ஓரளவு உறுதியாகக் காண, சுமார் 30,000 பேர் வேண்டும். வயோக்ஸ் என்ற வலி நிவாரணி 1999-ல் சந்தைக்கு வந்தது. மாரடைப்பு ஆபத்து உறுதியாகி 2004-ல்தான் விலக்கப்பட்டது.

சரி, இந்தத் தகவலெல்லாம் எங்கிருந்து வருகிறது? ஆய்வுகள் ஒருபுறம், மருத்துவர்களும் நோயாளிகளும் அனுப்பும் புகார்கள் இன்னொருபுறம். கர்ப்பிணிகள் சாப்பிட்டு, குழந்தைகள் உடல் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் கொடுமைக்குப் பிறகு 1964-ல் பிரிட்டன் இதற்காகவே மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. அந்தப் புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்து, 'இந்த மருந்தால் இத்தனை பேருக்குப் பாதிப்பு' என்று பகிர்வது இன்னொரு தவறு. மருந்து சாப்பிட்ட பிறகு நடந்தது என்பதுதான் புகார். மருந்தால்தான் நடந்ததா என்பதை நிபுணர்கள் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் நேரெதிர் தவறுக்குப் போய்விடுகிறார்கள்: "உறுதியாகத் தெரியவில்லையே, எதற்குப் புகார் அனுப்புவது?" சந்தேகம் இருந்தாலே போதும். யாருக்கு, எந்த மருந்து, என்ன ஆனது, தெரிவிப்பவர் யார் என்ற நான்கும் இருந்தால் புகார் செல்லுபடியாகும். மருந்தைத் தொடங்கிய தேதி, கூடச் சாப்பிட்ட மற்ற மருந்துகள், அப்புறம் அந்த மாத்திரை அட்டை ஓரத்து பேட்ச் எண், இவற்றையும் சேர்த்தால் ஆராய்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.