வீட்டிலேயே பேஸ் கவர் வீடியோ: ஒலி கேபிளில், படம் ஃபோனில்

பேஸ் கிட்டார் பழகுகிறவர்கள் முதல் கவர் வீடியோவை (வேறொருவர் பாட்டை நாம் வாசித்துக் காட்டும் வீடியோவை) எடுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) ஆன் செய்து, எதிரே ஃபோனைச் சாய்த்து வைத்து, லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு வாசிப்பார்கள். பிறகு போட்டுப் பார்த்தால் பாட்டு கேட்கும், ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியில்) படுகிற 'டிக் டிக்' கேட்கும், பேஸ் மட்டும் இருக்காது.

கோளாறு வாசிப்பில் இல்லை. ஃபோன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நான்கு ஸ்ட்ரிங் பேஸில் அழுத்தாமல் மீட்டினால் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. இவ்வளவு தாழ்ந்த ஒலியை ஃபோன் சரியாகப் பிடிக்காது. பிடித்த கொஞ்சத்தையும் அதன் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு டிரம்ஸ் விழும்போதெல்லாம் அமுக்கிவிடும். ஆகவே ஒலியைக் கேபிள் வழியாகக் கணினியில் எடுப்போம், படத்தை மட்டும் ஃபோனில் எடுப்போம், கடைசியில் இரண்டையும் ஒட்டுவோம்.

தேவையானவை

பேஸ், கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ் (பேஸின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), கணினி, ஃபோன், அதற்கு ஆடாத ஒரு ஸ்டாண்ட், கேபிள் உள்ள ஹெட்ஃபோன். மென்பொருளுக்கு ஆடாசிட்டி, ரீப்பர், கராஜ்பேண்ட் எதுவும் போதும். சில ஆம்ப்களிலேயே யூஎஸ்பி வழியாக ரெக்கார்ட் செய்யும் வசதி இருக்கும். இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் உங்கள் ஆம்ப்பின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஆனில் இருக்க வேண்டும். பேஸ் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதிக்கு) சுமார் 1 மெகாஓம் உள்ளீடு தேவை. பேஸை லைன் உள்ளீட்டில் (கீபோர்டு போன்ற கருவிகளுக்கானது) செருகினால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். அதில் ஒலி 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாக வருவது சாதாரணம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டின் நீளமே 125 மில்லிசெகண்ட்தான். அந்தத் தாமதத்தோடு தாளத்தில் நிற்க யாராலும் முடியாது.

பின்னணி டிராக்

அசல் பாட்டின் மேலேயே வாசித்தால் அதிலுள்ள பேஸும் உங்கள் பேஸும் ஒன்றின் மேல் ஒன்று விழும். நீங்கள் விட்ட நோட்டை அசல் கலைஞர் நிரப்பிவிடுவார். கேட்க நன்றாக இருக்கும், உங்களுக்குத்தான் பயன் இல்லை. இசைக்கருவிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருளில் பாட்டைக் கொடுத்து, பேஸ் நீக்கிய டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சக மாணவர்களின் கருத்துக்காகவே எடுக்கிறீர்கள் என்றால் டிரம்ஸ் மட்டும் வைத்து வாசிப்பது இன்னும் நல்லது. மறைந்துகொள்ள இடமே இருக்காது.

லெவல் வைப்பது

ப்ராஜெக்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் தொடங்குங்கள். வீடியோவின் வழக்கமான கணக்கு 48தான். பாட்டில் நீங்கள் மிக அழுத்தமாக வாசிக்கும் இடத்தை அதே வேகத்தோடு வாசித்துக்கொண்டே இன்டர்ஃபேஸின் கெயினை (உள்ளீட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருப்புங்கள். உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சும்மா ஒரு விரலால் மெதுவாகத் தட்டி லெவல் வைத்துவிட்டு, கோரஸ் வந்ததும் உச்ச வரம்பான 0-வைத் தொட்டு ஒலி பிளந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிறது. பிளந்ததைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கெயினைக் குறைத்த பிறகும் கரகரப்பு இருக்கிறதா? ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ளது) என்றால் 9 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள பேஸில் இரண்டின் வால்யூமையும் முழுதாக வைத்தால் பொதுவாக இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் திரும்பி வரும்.

மென்பொருளில் பஃபர் அளவை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலியின் அளவை) 128 சாம்பிள் வையுங்கள்; 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். இடையில் 'பட் பட்' என்று வெடித்தால் 256. இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரை (கணினி வழியே போகாமல் உங்கள் வாசிப்பை ஹெட்ஃபோனில் கேட்கும் வசதியை) பயன்படுத்தினால் மென்பொருளின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே நோட் இரண்டு முறை கேட்கும்.

ஆடாசிட்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் தாமதத் திருத்தம், அதாவது ரெக்கார்ட் செய்த டிராக்கைத் தானே முன்னே நகர்த்தும் அளவு, −130 மில்லிசெகண்ட் என்று முன்னிருப்பாக இருக்கும். உங்கள் கருவிக்கு அது பொருந்தாமல் போகலாம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, கிளிக் டிராக்கை ஓடவிட்டுப் புதிய டிராக்கில் ரெக்கார்ட் செய்யுங்கள். இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு எண்ணைத் திருத்துங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

கேமரா

பார்க்கிற மாணவருக்கு உங்கள் முகத்தைவிட இரண்டு கைகள்தான் முக்கியம். பேஸ் சுமார் 115 முதல் 120 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஃபோனைப் படுக்கவைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்தால் ஹெட்ஸ்டாக் முதல் பிரிட்ஜ் வரை அடங்கும். நெக்கின் பக்கமாகக் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் இடது கை விரல்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். முன்பக்கக் கேமரா சில ஃபோன்களில் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும். வலது கைக்காரர் இடது கைக்காரராகிவிடுவார்.

1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் போதும், 4கே வேண்டாம். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஏரோப்ளேன் மோடும் அவசியம். மூன்றாவது நிமிடத்தில் வருகிற அழைப்பு நல்ல டேக்கைத்தான் தேடி வரும்.

வீடியோவில் ஸ்ட்ரிங்குகள் ரப்பர் போல அலை அலையாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரிங் தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேமரா சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாகப் படிப்பதால் வருவது அது. வெளிச்சம் அதிகமாகி ஷட்டர் நேரம் குறையும்போது நெளிவு கூர்மையாகத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/60-இல் நிறுத்த முடிந்தால் ஸ்ட்ரிங் இயல்பாக மங்கலாகத் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடங்களில் 1/50 எடுத்தால் விளக்கின் மினுமினுப்பும் பெரும்பாலும் போய்விடும்.

டேக்

ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள். புது ஸ்ட்ரிங் போட்ட அன்று இது கட்டாயம். அது இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, கணினியில் ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். பாட்டுக்கு முன் இடது கையை ஸ்ட்ரிங்குகள் மேல் படரவைத்து ஒலியை அடக்கிக்கொண்டு, வலது கை கட்டைவிரலால் ஈ ஸ்ட்ரிங்கை நான்கு முறை 'டக், டக், டக், டக்' என்று அடியுங்கள். கைதட்டினால் ஃபோனில் மட்டும்தான் பதியும், கேபிளில் வராது. இந்த அடி இரண்டிலும் பதியும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: தவறிய இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டாதீர்கள். விரல் ஐந்தாம் ஃபிரெட்டில் இருக்க, காதில் ஏழாம் ஃபிரெட் கேட்கும். முழு டேக்காக எடுங்கள்.

ஒட்டுவது

டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டரில் வீடியோவையும் ஒலியையும் போடுங்கள். பேஸ் டிராக்கும் பின்னணியும் ஒன்றுக்கொன்று நகராமல் சேர்ந்தே இருக்கட்டும். ஃபோன் ஒலியில் உள்ள நான்கு 'டக்'குகளையும் பேஸ் டிராக்கின் நான்கு 'டக்'குகளையும் பெரிதாக்கி உச்சத்தோடு உச்சம் பொருத்துங்கள். பிறகு ஃபோன் ஒலியை மியூட் செய்யுங்கள். ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லிசெகண்ட்; அதற்குள் பொருந்தினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக டப்பிங் படம் போல விலகுகிறதா? ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்து மாற்றிவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

மிக்ஸ்

கேட்பவர்களில் பலர் ஃபோன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். 41 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஒலிக்கவே ஒலிக்காது. பேஸ் கேட்கவில்லை என்று அடி ஒலியை ஏற்றினால் ஃபோனில் ஒன்றும் மாறாது, ஹெட்ஃபோன்காரருக்குத்தான் காது அடைக்கும். நம் காது 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று மேலே வரும் ஒத்திசைவுகளைக் கேட்டே அடி நோட்டைத் தானாக ஊகித்துக்கொள்ளும். ஆகவே ஈக்யூவில் (ஒலியின் வெவ்வேறு அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியில்) 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்கிச் சமமாக்குவது) 4:1, அட்டாக் (அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20–30 மில்லிசெகண்ட். அட்டாக்கை அதைவிட வெகுவாகக் குறைத்தால் விரல் ஸ்ட்ரிங்கை விடும் அந்தத் துடிப்பு நசுங்கிப்போகும்.

வழக்கமான பாட்டில் இருப்பதைவிட பேஸ் 3 டெசிபல் தூக்கலாகவே இருக்கட்டும். யூடியூப் சுமார் −14 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும். எனவே லிமிட்டரை (உச்சத்தை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாத கருவியை) வைத்து அழுத்தோ அழுத்தென்று அழுத்த வேண்டியதில்லை. உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

பகிர்வது

சிறு குழுவுக்குள் என்றால் யூடியூபில் 'அன்லிஸ்டட்' (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்ப்பது) ஆக ஏற்றி இணைப்பை அனுப்பலாம். அசல் ஒலி உள்ள டிராக் என்றால் தானியங்கிச் சோதனையில் உரிமைக் கோரல் வரக்கூடும். வீடியோவில் விளம்பரம் வந்து வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தடைபடலாம். இது ஸ்ட்ரைக் (உங்கள் சேனல் மேல் விழும் எச்சரிக்கைத் தண்டனை) அல்ல, பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரண வீடியோவாகப் போனால் சுருக்கப்பட்டுத் தரம் குறையும்.

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்று மட்டும்தான் பதில் வரும். '0:48-இல் ஸ்லைடுக்கு அடுத்த நோட் முந்துகிறதா?' என்று கேளுங்கள். பிபிஎம், ட்யூனிங் இரண்டையும் எழுதுங்கள். பேஸ் மட்டும் உள்ள ஃபைலையும் கூடவே கொடுத்தால் கேட்பவர் தனியாக ஆராய முடியும்.

நீங்கள் மற்றவருக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் பாட்டு முழுக்க ஒரே அளவில் பிந்தினால் அது பெரும்பாலும் ரெக்கார்டிங் தாமதம். அவர் தன் தாமதத் திருத்த எண்ணைப் பார்க்க வேண்டும். கடினமான இடங்களில் மட்டும் பிந்தினால்தான் அது விரலின் வேலை.