ஐரோப்பிய வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013-ல் கிரேக்க இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். இது தவறு. அந்த ஆண்டு 15 முதல் 24 வயது வரையானவர்களின் வேலையின்மை விகிதம் அங்கே 58 சதவீதத்தை ஒட்டி இருந்தது உண்மைதான். ஆனால் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் அந்த வயதினரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும்? 100 இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். 70 பேர் படிக்கிறார்கள், வேலை தேடவில்லை. மீதி 30 பேரில் 15 பேருக்கு வேலை இருக்கிறது, 15 பேருக்கு இல்லை. வேலையின்மை விகிதம் என்பது வேலையில் இருப்பவர், தேடுபவர் ஆகிய இருவரையும் கூட்டி அதனால் வகுத்து வருவது. ஆகவே 30-ல் 15, அதாவது 50 சதவீதம். மொத்த இளைஞர்களால் வகுத்தால் 15 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் இரண்டையும் தனித்தனியாக வெளியிடுகிறது. இளைஞர்களைப் பற்றி எழுதும்போது எதனால் வகுத்தது என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தரக் கூடாது. நாடுகளை ஒப்பிடும்போது இது இன்னும் முக்கியம். ஜெர்மனியில் தொழிற்பயிற்சியில் இருக்கும் இளைஞர் சம்பளம் வாங்குவதால் வேலையில் இருப்பவராகவே கணக்கில் வருகிறார். அதே வயதில் முழுநேரப் பள்ளியில் தொழில் கற்கும் வேறு நாட்டு மாணவர் கணக்குக்கு வெளியே நிற்கிறார். ஜெர்மனியின் குறைந்த விகிதத்துக்கு அந்நாட்டுப் பொருளாதார வலிமை மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கு முறைக்கும் அதில் பங்குண்டு.

பள்ளியிலும் இல்லாத, பயிற்சியிலும் இல்லாத, வேலையிலும் இல்லாத இளைஞர்களை எண்ணும் அளவீடு இந்தக் குழப்பத்தைக் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 15 முதல் 29 வயதினரில் இவர்களின் பங்கை 2030-க்குள் 9 சதவீதமாகக் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது.

‘வேலையில் இருப்பவர்’ யார்?

கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். விடுப்பில் இருப்பவரும் பெரும்பாலும் அப்படியே. வேலையில்லாதவர் என்று எண்ணப்பட மூன்று நிபந்தனைகள் உண்டு: வேலை இருக்கக் கூடாது, கடந்த 4 வாரங்களில் முனைந்து தேடியிருக்க வேண்டும், 2 வாரங்களுக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். வேலை இல்லாதவர் பின்னிரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் ‘உழைப்புப் படைக்கு வெளியே’, அதாவது வேலையில் இருப்பவர், தேடுபவர் என்ற கூட்டத்துக்கு வெளியே, போய்விடுவார். இது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறை.

இந்த வரையறையை மறந்துவிட்டு 2020-ஆம் ஆண்டைப் படித்தவர்கள் பெரிய தவறு செய்தார்கள். அந்த மார்ச் மாதம் இத்தாலி முழுவதும் ஊரடங்கு வந்தது. வேலைவாய்ப்பு சரிந்த அதே மாதங்களில் வேலையின்மை விகிதமும் இறங்கியது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் வேலை தேட முடியவில்லை. தேடாதவர் வேலையில்லாதவராக எண்ணப்படமாட்டார். ஜெர்மனியில் நடந்தது வேறு. குறைநேரப் பணித் திட்டத்தில் அரசு ஊதியத்தின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. 2020 வசந்த காலத்தில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள், எல்லோரும் ‘வேலையில்’ இருந்தார்கள். ஆகவே நெருக்கடிக் காலத்தில் வேலையின்மை விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டாம். மொத்தப் பணி மணிநேரங்களை முதலில் பாருங்கள். 2020-ன் இரண்டாம் காலாண்டில் அது ஒன்றியம் முழுவதும் 10 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பிறகு கூடுதல் நேரம் உழைக்க விரும்பும் பகுதிநேரத்தினரையும், தேடாவிட்டாலும் வேலை கிடைத்தால் சேரத் தயாராக இருப்பவர்களையும் சேர்த்துக் காட்டும் விரிந்த அளவீட்டைப் பாருங்கள்.

நெதர்லாந்தைப் புகழும் கட்டுரைகளிலும் இதே வழுக்கல் உண்டு. 20 முதல் 64 வயதினரில் 80 சதவீதத்துக்கு மேல் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் பெண்களில் பாதிக்கு மேல் பகுதிநேரத்தினர். தலைகளை எண்ணுவது ஒன்று, மணிநேரத்தை எண்ணுவது இன்னொன்று.

ஒரே நாட்டிலும் இரண்டு வேலையின்மை எண்கள் வரும். ஜெர்மனியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களின் விகிதம் 2024-ல் சுமார் 6 சதவீதம். சர்வதேச வரையறைப்படி எடுத்த கணக்கெடுப்பில் அது 3.5 சதவீதத்தை ஒட்டியது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவரும் அலுவலகப் பதிவில் வேலையில்லாதவராகத் தொடரலாம் என்பது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு பத்தியில் பதிவு எண்ணையும் அடுத்த பத்தியில் கணக்கெடுப்பு எண்ணையும் போட்டுவிட்டு வேலையின்மை ‘பாதியாகிவிட்டது’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

தமிழில் எழுதுபவர்கள் இந்தியாவோடு ஒப்பிடும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் பேசப்படுவது ‘வழக்கமான நிலை’ என்ற கணக்கு. அது கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. 2022-23-ல் அதன்படி இந்திய வேலையின்மை 3.2 சதவீதம். ஐரோப்பாவின் 6 சதவீதத்தோடு இதைப் பக்கத்தில் வைத்தால் நாம் எங்கோ மேலே இருப்பது போலத் தோன்றும். வாரக் கணக்கில் எடுக்கும் ‘நடப்பு வார நிலை’தான் ஓரளவுக்காவது ஒப்பிடத் தக்கது. அதன்படி அதே ஆண்டு 5.1 சதவீதம். அப்போதும் சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உழைப்பவர்களின் பங்கு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கோட்டில் வரும் திடீர்ப் பள்ளம்

வரைபடத்தில் 2020-க்கும் 2021-க்கும் நடுவே ஒரு தாவல் தெரிந்தால் உடனே பெருந்தொற்றைக் காரணம் சொல்ல வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தின் உழைப்புப் படைக் கணக்கெடுப்பு புதிய சட்டத்தின் கீழ் வந்தது. சொந்தச் சாப்பாட்டுக்காகவே பெரும்பாலும் பயிர்செய்பவர் அன்றிலிருந்து வேலையில் இருப்பவராக எண்ணப்படவில்லை. ருமேனியா போன்ற நாட்டில் இது எண்களைப் பெரிதும் மாற்றியது. தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களை எண்ணும் விதியும் மாறியது: 3 மாதத்துக்கு மேல் நீளும் என்றால் அவர் பொதுவாக வேலையில் இருப்பவர் அல்லர். ஜெர்மனியோ 2020-லேயே தன் கணக்கெடுப்பை மாற்றியமைத்தது. பெருந்தொற்றும் முறை மாற்றமும் ஒரே ஆண்டில் கலந்துவிட்டன.

இதற்கு முன்னும் முறிவுகள் உண்டு. 2008-ல் தொழில்துறைப் பகுப்பு மாறியது, 2011-ல் பணிகளின் பகுப்பு மாறியது. பழைய பகுப்பில் சிறு கடையை நடத்துபவர் ‘மேலாளர்’ கூட்டத்தில் இருந்தார். புதிய பகுப்பில் கடைக்காரர்கள் விற்பனைப் பணியாளர்களோடு சேர்க்கப்பட்டார்கள். சிறு கடைகள் நிறைந்த நாட்டில் 2011-ல் மேலாளர்கள் குறைந்துவிட்டதைப் பார்த்துக் ‘கட்டமைப்பு மாற்றம்’ என்று எழுதினால், பெயர்ப்பலகை மாறியதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. யூரோஸ்டாட் அட்டவணையில் எண்ணுக்கு அருகே நிற்கும் சிறு எழுத்துகளைத் தவறாமல் இறக்கிக்கொள்ளுங்கள். ‘பி’ (b) என்றால் தொடர் அங்கே முறிகிறது. ‘யு’ (u) என்றால் மாதிரி சிறியது, எண் நம்பகம் குறைந்தது. ‘டி’ (d) என்றால் அந்த நாட்டின் வரையறை வேறு. முக்கிய அளவீடுகளுக்கு முறிவைச் சரிசெய்த தொடர்களும் தனியே கிடைக்கின்றன. நீண்ட காலப் போக்கு வேண்டுமென்றால் அவற்றையே எடுங்கள். மால்டா, சைப்ரஸ் போன்ற சிறு நாடுகளில் வயது, பாலினம், தொழில் என்று மூன்று அடுக்காக வெட்டினால் மிஞ்சுவது சில டஜன் பதில்களாகத்தான் இருக்கும். அங்கே ஒரு சதவீதப் புள்ளி ஏறி இறங்குவது செய்தியல்ல.

சான்றிதழும் திறனும் ஒன்றல்ல

‘திறன் பொருத்தமின்மை’ என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: வேலைக்குத் தேவையானதைவிட அதிகப் படிப்பு, படித்த துறைக்கு வெளியே வேலை, கையில் உள்ள திறனுக்கும் வேலை கேட்கும் திறனுக்கும் உள்ள இடைவெளி. யூரோஸ்டாட் தரும் ‘மிகைத் தகுதி’ எண் முதலாவதை மட்டும் அளக்கிறது. பட்டம் பெற்றவர் எழுத்தர், விற்பனை, கைவினை, உடலுழைப்புப் பணிகளில் இருந்தால் மிகைத் தகுதி. ஒன்றியத்தில் இது பட்டதாரிப் பணியாளர்களில் ஐந்தில் ஒருவரைத் தாண்டுகிறது. இதைக் காட்டி ஐந்தில் ஒருவர் திறன் வீணாகிறது என்று சொல்ல முடியாது. எழுத்து, எண் திறன்களை நேரடியாகச் சோதிக்கும் ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) வயதுவந்தோர் கணக்கெடுப்பு 2011-12-லிலும் 2022-23-லிலும் முக்கியச் சுற்றுகளாக நடந்தது. இரண்டாவதில் சிக்கல் தீர்க்கும் திறனுக்கான தேர்வே மாற்றப்பட்டதால் அந்தப் பகுதியைப் பழையதோடு ஒப்பிட முடியாது.

பெரியவர்களின் பயிற்சி பற்றிய எண்ணிலும் காலம் முக்கியம். கடந்த 4 வாரங்களில் பயின்றீர்களா என்று கேட்டால் ஒன்றியத்தில் எட்டில் ஒருவர் அளவில்தான் ஆம் என்கிறார்கள். 12 மாதங்கள் என்று கேட்டால் அந்தப் பங்கு பல மடங்கு உயர்கிறது. 2030-க்கான 60 சதவீத இலக்கு 12 மாதக் கணக்கில் வைத்தது. 4 வார எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் புலம்புவது அர்த்தமற்றது.

இணைய வேலை விளம்பரங்களைத் திரட்டி எந்தத் திறனுக்குத் தேவை என்று பார்க்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. கிரேக்க நகரமான தெசலோனிகியில் உள்ள செடெஃபாப், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்பயிற்சி மேம்பாட்டு நிறுவனம், இதற்கென ஒரு கருவியையே நடத்துகிறது. பயனுள்ள முறைதான், ஆனால் விளம்பரம் தேவையின் அளவுகோல் அல்ல. கணினி வல்லுநர், பொறியாளர் வேலைகள் இணையத்தில் வரும். கட்டடத் தொழில், பண்ணை வேலை, சிறு உணவகம் ஆகியவற்றுக்கு ஆள் பெரும்பாலும் வாய்வழியே கிடைத்துவிடும். ஒரே பணியிடம் நான்கு தளங்களில் நான்காக எண்ணப்படலாம். எல்லோருக்கும் இருக்கும் என்று நினைக்கும் திறனை யாரும் விளம்பரத்தில் எழுதுவதும் இல்லை. செவிலியர் விளம்பரத்தில் ‘ஊசி போடத் தெரிய வேண்டும்’ என்று இல்லாததால் அந்தத் திறன் தேவையற்றதாகிவிடாது.

47-ம் 9-ம்

தானியங்கிமயம் பற்றி எழுதுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே 47 சதவீத வேலைகள் போய்விடும் என்கிறார்கள். ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013-ல் வெளியிட்ட அந்த எண் அமெரிக்காவுக்கானது. அதன் பொருள், தொழில்நுட்ப ரீதியாக ஆபத்து அதிகம் உள்ள பணிகளில் இருப்பவர்களின் பங்கு என்பதுதான். வேலை போகும் என்ற கணிப்பு அதில் இல்லை. 702 பணிகளில் 70-ஐ மட்டும் வல்லுநர்கள் கையால் வகைப்படுத்தினார்கள், மற்றவற்றைக் கணினி மாதிரி கணித்தது. 2016-ல் ஆர்ன்ட்ஸ், கிரிகோரி, சீரான் மூவரும் ஓஈசிடிக்காக அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். பணியின் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பணியாளரும் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம். வங்கி எழுத்தர் என்ற ஒரே பெயருக்குள் காசு எண்ணுபவரும் இருக்கிறார், வாடிக்கையாளரின் கடன் சிக்கலை உட்கார்ந்து தீர்ப்பவரும் இருக்கிறார். இந்த வித்தியாசம்தான் 47-ஐ 9 ஆக்கியது. எந்த எண்ணை எடுத்தாலும் அது பணியை எண்ணியதா, பணியின் கூறுகளை எண்ணியதா என்று எழுதுங்கள்.

எல்லையைத் தாண்டும் எண்கள்

லக்சம்பர்க்கில் வேலை செய்பவர்களில் பாதியை ஒட்டிய அளவினர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். வீட்டுக் கணக்கெடுப்பு அங்கே வசிப்பவர்களை எண்ணும், தேசியக் கணக்கு அங்கே வேலை செய்பவர்களை எண்ணும். ஒன்றின் எண்ணை மற்றதால் வகுத்தால் வருவது வெறும் பிழை. அயர்லாந்தின் உற்பத்தி 2015-ல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 25 சதவீதம் ‘வளர்ந்தது’. பன்னாட்டு நிறுவனங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றிப் பதிந்ததே பெரும் காரணம். அதை வைத்து ஒரு பணியாளருக்கான உற்பத்தித் திறனைக் கணக்கிட்டவர்கள் ஏமாந்தார்கள். அயர்லாந்தின் புள்ளிவிவர அலுவலகமே இதற்காகத் திருத்திய தேசிய வருமானம் என்று தனி அளவீட்டை வெளியிடுகிறது. அயர்லாந்து என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இத்தனை லட்சம் வேலைகள் வரும் என்ற முன்கணிப்புகளில் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். புதிதாக உருவாகும் பணியிடம் ஒன்று, ஓய்வு பெறுபவர் விட்டுச் செல்லும் இடம் இன்னொன்று. செடெஃபாப் முன்கணிப்புகளில் காலியிடங்களில் மிகப் பெரும்பங்கு இரண்டாம் வகை. ஆகவே வேளாண்மை போலச் சுருங்கிவரும் தொழிலிலும் ஆயிரக்கணக்கான காலியிடங்கள் வரும். அந்தத் தொழில் வளர்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ஜெர்மனி போகத் தயாராகும் ஒருவர் முன்கணிப்பைப் படித்தால், மொத்தக் காலியிட எண்ணுக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் பிரித்துத் தரப்பட்டுள்ளனவா என்று பார்க்கட்டும். பிரித்துத் தராத எண்ணை நம்பி எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டக் கூடாது.