ரேம் வாங்கும்போது செய்யும் தவறுகள்: காசு இல்லையா, கணக்கு தப்பா?

"16 ஜிபி ரேமுக்கு பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை, 8 ஜிபியே எடுத்துவிட்டேன்" என்று சொல்பவரின் பில்லை வாங்கிப் பாருங்கள். பல நேரம் அதில் ஒரு படி மேலான பிராசசர் இருக்கும், தொடுதிரை இருக்கும், கீபோர்டுக்கு அடியில் வண்ண விளக்கும் எரியும். காசு இல்லாமல் இல்லை. அது வேறு பக்கம் போய்விட்டது. இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. 64 ஜிபி ரேமைப் போட்டுவிட்டு, விண்டோஸைப் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே ஓட்டிக்கொண்டு, "இவ்வளவு செலவழித்தும் ஏன் இழுக்கிறது?" என்பார்கள்.

இரண்டு பேரும் செய்வது ஒரே தவறு. ரேமை, அதாவது திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, தனிச் செலவாகப் பார்க்கிறார்கள். பணம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ரேம், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு டிஸ்க்), பிராசசர், திரை எல்லாம் அதற்காகத்தான் போட்டி போடுகின்றன. எனவே எத்தனை ஜிபி வாங்க முடியும் என்று கேட்பதற்கு முன், எதற்கு முதலில் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

பிறகு கூட்ட முடியுமா என்று பார்க்காமல் வாங்குவது

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும் விட விலை கூடியது இதுதான். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர்5 என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்புடன் தொடங்கிய மேக்புக் வரிசையில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட கணினியில் வாங்கும் நாளில் எடுக்கும் முடிவுதான் கடைசி வரைக்கும்.

அதனால் ஒரே 8 ஜிபி ஒரு கணினியில் புத்திசாலித்தனம், இன்னொன்றில் முட்டாள்தனம். இரண்டு ஸ்லாட் (ரேம் துண்டைச் செருகும் இடம்) உள்ள டெஸ்க்டாப்பில் இன்று குறைவாகப் போட்டு, தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். பற்றவைத்த மடிக்கணினியில் அந்த வழி இல்லை. அங்கே வெட்ட வேண்டியது வேறு எதையாவது. சேமிப்பிடம் குறைந்தால் வெளியிலிருந்து ஒரு டிஸ்கை மாட்டிக்கொள்ளலாம். பல மாடல்களில் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியையே மாற்றலாம். ரேமை யுஎஸ்பியில் மாட்ட வழியில்லை. ஒரே வரிசையில் இரண்டு பிராசசர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் பலருக்குத் தெரியவே தெரியாது. 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் இடையே உள்ளது, பிரவுசரில் இருபது டேப் திறந்து வீடியோ அழைப்பில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

ஸ்லாட் இருக்கிறது என்று மட்டும் கேட்டு விட்டுவிடவும் கூடாது. எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி, மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்ற மூன்றும் தெரிய வேண்டும். இரண்டு ஸ்லாட்டிலும் 4 ஜிபி வைத்து 8 ஜிபி என்று விற்கப்படும் கணினியில், கூட்டுவது என்றால் இருப்பதைக் கழற்றி ஓரம்கட்டுவதுதான். சில மடிக்கணினிகளில் பாதி பற்றவைத்ததாகவும் பாதி ஸ்லாட்டாகவும் இருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று அதுவே காட்டும்.

குறைந்தபட்சத் தேவையை நம்புவது

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். நிறுவ முடியும், திரை வரும் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதே நிறுவனம் 2024-இல் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிக் கணினிகளுக்கு 16 ஜிபி கட்டாயம் என்று வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் மேக் கணினிகளின் தொடக்க அளவை 8-லிருந்து 16-க்கு உயர்த்தியது. உரை எழுதுவது, சில டேப்கள், படம் பார்ப்பது என்று இருப்பவருக்கு 8 இன்னும் ஓடும். ஆனால் சில ஆண்டுகள் வைத்திருக்கப் போகும் புதுக் கணினிக்கு 16 என்பதே என் கணக்கு. வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது), பெரிய புகைப்படக் கோப்புகள் என்றால் 32. அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது: சொந்தக் கணினியிலேயே ஏஐ மாடலை ஓட்டிப் பார்க்கும் ஆசை. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி பிடிக்கும். பெரியவை அதற்கேற்ப வளரும். ஆனால் அங்கே வேகம் தருவது கிராபிக்ஸ் கார்டில் உள்ள நினைவகம். கார்டு இல்லாமல் சாதாரண ரேமை மட்டும் கூட்டினால் மாடல் உள்ளே உட்காரும், பதில் மெதுவாகத்தான் வரும்.

தவறான எண்ணைப் பார்த்துப் பயப்படுவது

டாஸ்க் மேனேஜரில் 70 சதவீதம் என்று பார்த்ததும் ரேம் ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவசரம் வேண்டாம். ரேம் நிறைய இருந்தால் கணினியும் மென்பொருள்களும் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் அதில் ஒரு பகுதியை உடனே விட்டும் கொடுக்கும். 8 ஜிபி கணினியில் 5 ஜிபி பிடிப்பது, 32 ஜிபி கணினியில் 10 ஜிபி பிடிக்கலாம். கோளாறு ஒன்றும் இல்லை. ரேமைச் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லும் செயலிகள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கின்றன. அவற்றால் பெரும்பாலும் நன்மை இல்லை. வெளியே தள்ளியதைத் திரும்ப ஏற்றும் வேலைதான் மிச்சம்.

உங்கள் வழக்கமான வேலையில் மிகக் கனமான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் திறந்திருக்கும்போது 'அவைலபிள்' என்று காட்டும் அளவு சில நூறு எம்பிக்கு விழுகிறதா, டிஸ்க் ஓயாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் காட்டும் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்தால் போதும். லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளையைப் போட்டால் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையை விட்டுவிட்டு 'அவைலபிள்' நெடுவரிசையைப் படியுங்கள். அங்கே தாராளமாக மிச்சம் இருந்தால், ரேமை இரட்டிப்பாக்குவது ஆளில்லாத வீட்டில் இன்னொரு அறை கட்டுவது மாதிரிதான்.

ரேம் போதாமல் போனால் கணினி டிஸ்கைக் கடன் வாங்குகிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ விநாடி. என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி என்றால் பல பத்து மைக்ரோ விநாடி, அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பல மில்லி விநாடி, அதாவது பல பத்தாயிரம் மடங்கு. எஸ்எஸ்டி இருக்கும் கணினி ரேம் தட்டுப்பாட்டில் திணறும். ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள கணினி உறைந்தே போகும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் முடியும் என்றால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதே முதலில். ரேம் அப்புறம்.

அளவை விட்டு வேகத்துக்குப் பணம் கொடுப்பது

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பலரை ஏமாற்றிவிடுகிறது. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; அடுத்த எண் வேகம், சிஎல் என்பது பதில் தொடங்க எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை. டிடிஆர்4-3200 சிஎல்16, டிடிஆர்5-6000 சிஎல்30 இரண்டுக்கும் முதல் தாமதம் ஒன்றே: 10 நானோ விநாடி. புதியதில் ஒரே நேரத்தில் பாயும் தகவல் அதிகம், அது உண்மைதான். ஆனால் 16 ஜிபி போதாத வேலைக்கு வேகமான 16 ஜிபி உதவாது. கை இறுக்கமாக இருந்தால் அளவுக்கே கொடுங்கள். வண்ண விளக்குக்கும் கனத்த உலோகக் கவசத்துக்கும் பிறகு பார்க்கலாம். வேகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கியிருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இயக்காவிட்டால் அந்த ரேம் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு துண்டா, இரண்டா என்பது இதைவிட முக்கியம். இரண்டு துண்டு போட்டால் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள பாதைகளான இரண்டு சேனலிலும் தகவல் பாயும், ஒரே நேரத்தில் பாயக்கூடிய தகவல் இரட்டிப்பாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. விரைவில் கூட்டப்போவது நிச்சயம் என்றால் ஒரே 16 ஜிபி துண்டை வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் இரண்டு 8.

கூட்டும்போதும் கவனம் வேண்டும். டிடிஆர்4 துண்டு டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது. வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். வெவ்வேறு வேகத் துண்டுகளைச் சேர்த்தால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். சாதாரண வேகத்தில் ஓடும் மடிக்கணினியில் இந்தக் கலவை பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் ஓடும். டெஸ்க்டாப்பில் எக்ஸ்எம்பி வேகத்தில் ஓட்ட வேண்டும் என்றால் ஒரே பெட்டியில் வரும் ஜோடியை வாங்குவதே பாதுகாப்பு. நான்கு ஸ்லாட்டையும் டிடிஆர்5-ஆல் நிரப்பினால் பல மதர்போர்டுகளில் வேகம் கணிசமாகக் குறைந்துவிடும். அதனால் இரண்டு பெரிய துண்டுகளே மேல்.

நாளைக்கு மலிவாகும் என்று காத்திருப்பது

உலகின் பெரும்பகுதி ரேம் சிப்புகளைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். அவர்கள் உற்பத்தியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக விலை அலை அலையாகப் போகிறது. 2017-இல் ஏறியது, 2019-இல் இறங்கியது, 2023-இல் மிகவும் தாழ்ந்தது. 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் வேகமாக எகிறியது. தேவை இன்றைக்கே இருந்தால் இன்றைக்கே வாங்குங்கள். தேவை இல்லையென்றால், விலை ஏறப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு இரட்டிப்பாக வாங்கி வைக்காதீர்கள்.

காசு உண்மையிலேயே போதவில்லையா? பயன்படுத்திய ரேம் ஒரு நல்ல வழி. அசையும் பாகம் இல்லை, சுலபத்தில் தேயாது. மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பேரம் பேச வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.