"நமக்குள்ள என்ன பேப்பர்"னு தொழில் ஆரம்பிக்கறவங்க பண்ற தப்புகள்

திருப்பூர்ல நாலு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டாலே அதுக்குப் பேரு கம்பெனிதாங்க, ஆனா சட்டப்படி பாத்தா அதுல நிறைய ப்ரொப்ரைட்டர்ஷிப் (ஒரே ஆள் பேர்ல நடக்கற தொழில்), இல்லைன்னா பார்ட்னர்ஷிப். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினோரு வருசமா கணக்கு பாக்கறேன், ஒரே தப்பை ஆள் மாத்தி ஆள் பண்றதைப் பாத்து மனசு கேக்காமதான் இதை எழுதறேன்.

பெரிய தப்பு டீட், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரம், போடாம பார்ட்னர்ஷிப் நடத்தறது. ஒருத்தர் பணம் போடுவார், இன்னொருத்தர் ராத்திரி பகலா ஷிப்ட் பாப்பார், "மாமன் மச்சானுக்குள்ள என்ன பேப்பர்"னு விட்டுடுவாங்க. 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி, உங்களுக்குள்ள வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சமம், உழைச்சவருக்குத் தனியா சம்பளமும் கிடையாது. அதாவது 20 லட்சம் போட்டவரும் 2 லட்சம் போட்டவரும் ஒரே பங்கு. சண்டை வந்தப்பறம் "நாங்க 70க்கு 30னு பேசிக்கிட்டோம்"னு சொன்னா அதை நிரூபிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். வொர்க்கிங் பார்ட்னர் சம்பளம், மொதலுக்கு வட்டி ரெண்டும் டீட்ல இருந்தாதான் இன்கம் டாக்ஸ் கணக்குல கழிக்கவும் முடியும், அந்த வட்டியும் 12 சதவீதம் வரைக்கும்தான்.

அடுத்தது, டீட் எழுதி கரண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ணதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறது. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஃபர்மை ரிஜிஸ்டர் பண்ணனும்னு கட்டாயம் இல்லதான், ஆனா பண்ணலைன்னா பில் பணம் தராத பார்ட்டி மேல நீங்க கேஸ் போட முடியாது, அவங்க உங்க மேல தாராளமா போடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஜாப் வொர்க் (கூலிக்கு செஞ்சு கொடுத்த வேலை) பில் 6 லட்சம் நின்னுபோச்சு. இன்னிக்கு தரேன் நாளைக்கு தரேன்னு இழுத்தாங்க, கடைசியில வக்கீல்கிட்ட போனா அவர் கேட்ட மொத கேள்வியே ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட் எங்கன்னுதான். ஓடிப்போய் ரிஜிஸ்டர் பண்றதுக்குள்ள கேஸ் போடறதுக்கான மூணு வருசக் கெடுவே தாண்டிருச்சு. அந்தப் பணம் போனது போனதுதான்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு. விசிட்டிங் கார்டுல பிரைவேட் லிமிடெட்னு போட்டா மரியாதைன்னு சின்ன டெய்லரிங் யூனிட்டுக்கெல்லாம் கம்பெனி ஆரம்பிச்சுடறாங்க. ஒரு ரூபா வியாபாரம் நடக்கலைன்னாலும் ஆடிட் பண்ணனும், வருசாவருசம் ஏஓசி-4 (வரவு செலவுக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு அறிக்கை) மாதிரி ஃபார்ம் போடணும், லேட்டானா ஒரு ஃபார்முக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா. ரெண்டு ஃபார்ம் ஒரு வருசம் லேட்டானா 73,000 ஆச்சுங்க, மூணு வருசம் தொடர்ந்து போடலைன்னா டைரக்டருக்கு அஞ்சு வருசம் தகுதி நீக்கம். எல்எல்பிக்கும் (பார்ட்னர்ஷிப் மாதிரிதான், ஆனா கடன் பொறுப்புக்கு வரம்பு உண்டு) ஃபார்ம் போட மே 30, அக்டோபர் 30ன்னு தேதி இருக்கு, சும்மா கிடக்குற எல்எல்பிக்கும் அது உண்டு. சரி, லிமிடெட்னா கம்பெனிக் கடன்ல இருந்து சொந்த வீடாவது தப்பிக்கும்னு நினைப்பாங்க. ஆனா பேங்க் லோன்ல டைரக்டர்கிட்ட பர்சனல் கேரண்டி கையெழுத்து வாங்கிடுவாங்க, அந்த லோனுக்கு உங்க வீடும் பதில் சொல்லித்தான் ஆகணும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதைப் படிங்க தயவுசெஞ்சு.

ப்ரொப்ரைட்டரா இருந்து தம்பியைப் பார்ட்னரா சேத்தீங்கன்னா புது பான், புது ஜிஎஸ்டி நம்பர். பழைய நம்பர்லயே பில் போட்டுட்டு இருக்கக்கூடாது. பழசுல மிச்சம் இருக்குற இன்புட் கிரெடிட்டை (சரக்கு வாங்கறப்பக் கட்டின ஜிஎஸ்டி, நம்ம கட்டவேண்டியதுல கழிச்சுக்கறது) ஐடிசி-02 ஃபார்ம் போட்டு புது நம்பருக்கு மாத்திக்கலாம், பழைய நம்பரை கேன்சல் பண்ணிட்டு வந்து கேக்காதீங்க.

பிரிஞ்சு போறப்பதான் இன்னும் அசட்டை. கணக்கு முடிச்சு கைகுலுக்கிட்டுப் போயிடுவாங்க, ஆனா பொது அறிவிப்பு கொடுக்காத வரைக்கும் உங்களைப் பார்ட்னர்னு நம்பி நூல் கடன் கொடுக்குறவருக்கு நீங்களும் பொறுப்பு. ரிஜிஸ்டர் ஆன ஃபர்ம்னா பதிவாளருக்கு எழுதிக் கொடுத்து, அரசிதழ்லயும் உங்க மாவட்டத்துல வர்ற ஒரு தமிழ் பேப்பர்லயும் போட்டு, அந்த பேப்பர் கட்டிங்கை பத்திரமா வச்சுக்கோங்க.